எதிரொலிக்கு ஓர் இடைவெளி

— இன்னைக்குப் போடப்போறதுதான் கடைசி போன். ஆறு வருஷமா ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் கூப்பிடுதேன். அப்பா எடுக்காரு. ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டேங்காரு. இனி என்னால முடியாது.

— யாரு முதல்ல போனை வைக்கா, ரீபா?

— நான்தான். “வைக்கேன்பா”ன்னு சொல்லிட்டு வைப்பேன்.

— ஒரு தடவையாவது அவரு முந்தி வச்சிருக்காரா?

— ...இல்ல.

— அணையில ஆழம் அளக்கும்போது நாங்க...

— ஆரம்பிச்சிட்டியளா! காதலிக்கும்போதும் இந்த சோனார் கதையைத்தான் சொன்னிய.

— கேளுட்டி. படகுக்கு அடியில இருந்து ஒரு சத்தம் விடுவோம். தரையில பட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தை வச்சுத்தான் ஆழம். ஆனா அலை, மோட்டார், மீன்கூட்டம் எல்லாம் கூடவே கேக்கும். எது தரைன்னு தெரியாது.

— பிறகு?

— நூறு தடவை அனுப்பி, வந்ததையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குவோம். இரைச்சல் ஒரு தடவை இங்கன இருக்கும், ஒரு தடவை அங்கன இருக்கும். அடுக்க அடுக்கக் கரைஞ்சிரும். தரை மட்டும் அதே இடத்துல நிக்கும்.

— எங்கப்பாகிட்ட அப்படி என்ன நிக்கி?

— முந்நூறு ஞாயிற்றுக்கிழமை. நீ வைக்கிற வரைக்கும் அவரு வைக்கல.

— வயசாயிட்டு. வைக்கத் தெரியாம இருக்கும்.

— வேதமுத்து வாத்தியாருக்கா? பாளையங்கோட்டைக்கே கணக்கு சொல்லிக் குடுத்தவருக்கா?

— உங்க பேரைக்கூட அவரு சொன்னதில்ல. “திருநீறு பூசுத வீட்டுப் பய”ன்னுதான் நம்ம கல்யாணத்தப்போ கடைசியா சொன்னாரு. அதுக்குமேல என்ன பதில் வரும்?

— வர நீ எங்க விடுத? பிரசங்கம், மீன்குழம்பு, பக்கத்து வீட்டுச் சண்டைன்னு மூச்சு விடாமல்ல பேசுத.

— நிறுத்துனா பயமா இருக்கு. அந்த நேரம் பாத்து “இனிக் கூப்பிடாதே”ன்னு சொல்லிட்டாருன்னா?

— வேலைக்குப் புதுசா வாரவன் செய்யுத தப்பு இது. எதிரொலி வாரதுக்குள்ள அடுத்த சத்தத்தை விட்ருவான். திரும்பி வாரதை இவன் சத்தமே மூடிரும். ஆழம் கூடக்கூட காத்திருக்கணும் ரீபா.

— எவ்வளவு நேரம்?

— அணைன்னா கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள வந்துரும். உங்கப்பாவுக்குத் தெரியல.

— தச்சநல்லூர்ல நாம. ஆத்துக்கு அந்தப் பக்கம் அவரு. அவ்வளவுதானே தூரம்.

— போடு. ஒரே ஒரு வார்த்தை சொல்லு. பிறகு சும்மா இரு.

— “கூப்பிடாதே”ன்னுட்டாருன்னா?

— நான் இங்கனதான் இருக்கேன்.

— கையைப் பிடிச்சுக்கோங்க. ஸ்பீக்கர்ல போடுதேன்... எடுத்துட்டாரு.

— ...

— அப்பா.

— ...

— ...

— ...

— ...

— ரீபா? ஏட்டி, என்ன சத்தத்தையே காணும்?

— ...

— மாப்ளே! மாப்ளே, பக்கத்துல இருக்கியளா? பிள்ளைக்கு என்ன செய்யுது?