யூனிஸுக்குப் போட்ட மஞ்சள் எழுத்து

எழுத்து வெள்ளையாக இருக்கக் கூடாது சார். வெள்ளைச் சட்டை போட்ட ஆள் வந்து நின்றால் கீழே ஓடுகிற வரி காணாமல் போய்விடும். லேசான மஞ்சள், சுற்றிலும் மெல்லிய கறுப்பு ஓரம், அதுதான் கண்ணுக்குச் சுகம். நான் பேசுவதைப் படம் பிடித்து, சப்டைட்டில் போட்டு என் மனைவி யூனிஸுக்குக் காட்டப் போவதாகக் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற மேடம் சொன்னார். நல்ல காரியம். அவளுக்குக் காது கேட்காது. ஆனால் பழக்கமில்லாதவர்கள் கண்டபடி போட்டுக் கெடுத்துவிடுவார்கள், அதனால்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் ஜெர்சன். கேம்ப் ரோட்டில் செல்போன் கடை, செம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடு. இப்போது ரிப்பேரும் ஸ்க்ரீன் கார்டுமாகக் கடை ஓடுகிறது. திறந்த புதிதில் மெமரி கார்டில் படம் ஏற்றிக் கொடுப்பதுதான் பிழைப்பு. அதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தேன். படத்தை ஒரு பக்கம் கொடுத்து, வசனம் அடித்த ஃபைலை இன்னொரு பக்கம் கொடுத்து, போனா டேப்லெட்டா என்று சொல்லிவிட்டால் போதும். அந்தத் திரைக்குத் தக்கபடி படத்தைச் சுருக்கி, எழுத்தைக் கீழே பொருத்திக் கொடுத்துவிடும். எழுத்தைத் தனியாகவும் வைக்கலாம், படத்தோடு பதித்தும் விடலாம். தனியாக வைத்தால் பார்க்கிறவர் வேண்டாம் என்று அணைத்துவிடலாம், வேறு ஃபைலை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பதித்துவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நான் எப்போதும் பதித்துத்தான் கொடுப்பேன்.

கல்யாணமான மறு வருஷம் யூனிஸுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள், காது இரண்டும் போய்விட்டது. அதற்கு முன்பு அவளுக்குச் சினிமா என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு தியேட்டரில் இருப்போம். காது போன பிறகு ஒரு தடவை கூட்டிப்போனேன். எல்லாரும் சிரிக்கும்போது இவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன ஜோக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டோம். அன்றைக்கு வந்த துக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே எழுத்து போட அப்போது யார் இருந்தார்கள்? நானே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டு அடித்தேன். பதித்து, டேப்லெட்டில் ஏற்றி, அவள் மடியில் வைத்தேன். படம் முடிந்ததும் அவள் என் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

முதலில் அடித்ததெல்லாம் உள்ளது உள்ளபடிதான். ஒரு படத்தில் காது கேட்காத கிழவனை வைத்து மட்டமாக ஒரு காமெடி வந்தது. அதை அவள் படிக்க வேண்டுமா? கிழவனிடம் நலம் விசாரிப்பதாக மாற்றினேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? பிறகு இன்னொரு படம். மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று புருஷனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போவாள். அந்த இடத்தில், “மருந்து வாங்கிட்டு வந்துடறேன்” என்று போட்டேன். மருந்து வாங்கப் பெட்டி எதற்கு என்று யூனிஸ் கேட்டாள். அவளுக்குப் பேச்சு போகவில்லை, குரல்தான் இடம் தெரியாமல் ஏறி இறங்கும். மருந்துக் கடை வெளியூரில் இருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். நம்பினாள்.

ஒருத்தி நம்மை இந்த அளவுக்கு நம்பினால் நமக்குப் பொறுப்பு கூடிவிடுகிறது. சர்ச்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போதகர் பேசுவதைப் போனில் அடித்துக் காட்டுவேன். அவர் எதைப் பற்றிப் பேசினாலும், புருஷனுக்கு அடங்கி நடப்பதைப் பற்றிப் பேசுவதாகவே பெரும்பாலும் அடித்தேன். காது டாக்டர், உள்ளே ஒரு கருவி வைத்து ஆபரேஷன் செய்தால் ஓரளவு கேட்கும் என்றார். நரம்பு செத்துவிட்டதாம் என்று காட்டினேன். கேட்க ஆரம்பித்தால் ஊரில் இருக்கிற வம்பெல்லாம் காதில் விழும், அவள் தாங்கமாட்டாள். அவளுடைய அம்மா வண்டலூரில் படுத்த படுக்கையாகி, மகளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று என் போனில் அழுவார்கள். அம்மா சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று எழுதினேன். அடக்கத்துக்கு மட்டும் அழைத்துப்போனேன். தூக்கத்திலேயே போய்விட்டார்கள், கஷ்டப்படவில்லை என்றேன். அந்த ஆறுதலோடுதான் அவள் மண் போட்டாள்.

ஆனால் ஒன்று சார், வீட்டில் நான் பொய் பேசினதே கிடையாது. மாற்றுவதெல்லாம் எழுத்தில்தான். வாயால் எல்லாவற்றையும் அவளிடம் அப்படியே சொல்லிவிடுவேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவாள். நான் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, உங்க அம்மா இன்னைக்கும் அழுதாங்க, நான் விடமாட்டேன்னு சொல்லிட்டேன் என்று சாவகாசமாகச் சொல்வேன். உதட்டைப் பார்த்துப் படிக்கப் பழகிவிடக் கூடாதே என்று மீசையை வாய்மேல் விழும்படி வளர்த்தேன். மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல் பேசி முடித்தால் உடம்பே லேசாகிவிடும். பெண்டாட்டியிடம் எதையும் ஒளிக்காத புருஷன் இந்தத் தாம்பரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கடைக்கு ராகவேந்திரா என்று ஒரு கஸ்டமர் வருவான். அவனுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது, எல்லாம் கை ஜாடைதான். ஒருநாள் யூனிஸ் கடையில் இருந்தபோது அவளுக்கு ஏதோ ஜாடை சொல்லிக்கொடுத்தான். அடுத்த தடவையும் சொல்லிக்கொடுத்தான். அவள் சிரித்துக்கொண்டே திருப்பிச் செய்தாள். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, அதற்கு என்னால் எழுத்து போட முடியாது. பிறகு அவள் இல்லாதபோது ஒருநாள் வந்தான். கீழே விழுந்த சார்ஜரை எடுக்கக் குனிந்து வாசல்படியில் கையை ஊன்றினான். ஷட்டரை இழுத்து விட்டேன். அதன் விளிம்பில் ஏறியும் நின்றேன். அவனால் கத்த முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஷட்டர் ஸ்பிரிங் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அவன் எத்தனையோ தடவை அந்தக் கையை ஆட்டி ஆட்டி என்னைக் காட்டினான், யாருக்கும் புரியவில்லை.

ஜோஷ்வா யூனிஸின் தம்பி. மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு இந்த வருஷம் திரும்பி வந்து கீழ்க்கட்டளையில் ஃபிளாட் வாங்கினான். தங்கமான பையன், அதில் சந்தேகமில்லை. எதிரில் பேசுகிற பேச்சைக் கேட்டு அப்போதைக்கப்போதே தமிழில் எழுத்தாகக் காட்டுகிற ஆப் ஒன்று அவன் போனில் இருந்தது. நான் கடையில் இருக்கிற நேரம் பார்த்துச் சனிக்கிழமை வீட்டுக்குப் போயிருக்கிறான்.

மறுநாள் ஆராதனை முடிந்து யூனிஸை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் கிடையாது, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளுக்கு ஒரு புதுப் படத்தில் எழுத்து பதிய விட்டிருந்தேன். ஜோஷ்வா குனிந்து உள்ளே வந்தான். கோபமாக வரவில்லை. கண்தான் வீங்கியிருந்தது.

“மாமா, நேத்து அக்காகூட ஒக்காந்து படம் பார்த்தேன். டேப்லெட்ல நீங்க போட்டது ஓடுது. பக்கத்துலயே என் போன்ல, அவங்க நெஜமா பேசறது வருது. பொட்டிய தூக்கினு போற பொம்பள, இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன்னு சொல்றா. நீங்க மருந்து வாங்கப் போறான்னு போட்டுகிறீங்க.”

நான் கம்ப்யூட்டரில் படம் எவ்வளவு பதிந்திருக்கிறது என்று பார்த்தேன்.

“அக்கா ரெண்டையும் மாத்தி மாத்திப் படிச்சா. அப்புறம் சிரிச்சா மாமா. நிறுத்தவே இல்ல. எனக்கு பயமா போச்சு.”

அம்மாவைப் பற்றிக் கேட்டான். வண்டலூரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்களாம். காது டாக்டரையும் போய்ப் பார்த்திருக்கிறான், அவருக்குப் பழைய கேஸ் ஞாபகம் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவன் திட்டவில்லை.

“சாயந்திரம் அக்காவ கூட்டினு போயிடறேன். இனிமே அவளுக்கு நீங்க ஒண்ணும் எழுத வேணாம்” என்றான்.

அந்த வார்த்தைதான் சார் காரணம். வேறு விரோதம் கிடையாது.

அவன் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து, நான் அடித்து வைத்திருந்த வரிகளைப் படிக்க ஆரம்பித்தான். நான் கொக்கிக் கம்பியால் ஷட்டரை முழுக்க இறக்கினேன். கம்பி கையிலேயே இருந்தது. முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. மடங்கி உட்கார்ந்தான். மேஜையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தான், விரல்மேல் ஓர் அடி போட்டேன். திரும்பி என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். வாய் நிறைய ரத்தம். இத்தனை வருஷமாக வசனம் கேட்டு எழுதுகிறவன் நான், எனக்கே பிடிபடவில்லை. அது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. அதனால் வாயைப் பார்த்து அடித்தேன். உதடு அசைகிறவரை அடித்தேன். ஒரு தடவை கொக்கி தாடையில் மாட்டிக்கொண்டது, தோளை மிதித்துக்கொண்டுதான் இழுக்க வேண்டியிருந்தது. சினிமாவில் இதற்கெல்லாம் என்னென்னவோ சத்தம் வைக்கிறார்கள். நிஜத்தில் ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்தான்.

அவன் போனையும் உடைத்துத் தண்ணீர் வாளியில் போட்டேன். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை எடுத்து அவன்மேல் போர்த்தினேன். படம் இன்னும் பதிந்துகொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினால் ஃபைல் கெட்டுவிடும், முதலிலிருந்து செய்ய வேண்டும். அதனால் முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கார்டில் ஏற்றிக்கொண்டு, கடையில் எப்போதும் வைத்திருக்கிற மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வழியில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவளுக்கும் அவன் அதே ஆப் போட்டு ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தான் என்பது இங்கே வந்த பிறகு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாளாம். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் எனக்கு முதுகைக் காட்டி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தேன். மனசு பாரமாக இருந்தது, யாரிடம் சொல்வேன்?

“உன் தம்பி கடையில கெடக்கறான் யூனிஸ். ஷட்டர் கம்பியால அடிச்சுட்டேன். செத்துட்டான். உன்னக் கூட்டினு போறேன்னான், அதான். உங்கம்மா கூப்டப்பவும் நான்தான் விடல” என்றேன்.

அவள் கை நின்றுவிட்டது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மீனின் செவுள் குத்தியிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குழாயை மூடினாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள், நடுவில் ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள். என் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்ப்பாள்.

“மருந்து வாங்கிட்டு வந்துடறேன்” என்றாள்.

கையில் பைதான் இருந்தது, பெட்டி இல்லை. நான் தலையை ஆட்டினேன். மீதி மீனை நானே கழுவி, மசாலா தடவி, பொரித்து, அவள் தட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். வழியில் யாரோ அவளைப் பிடித்து இந்த ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவளுக்குத் தனியாக வெளியே போய்ப் பழக்கமில்லை.

ஜோஷ்வாவை நான்தான் கொன்றேன். ராகவேந்திராவின் கையை நசுக்கியதும் நான்தான், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து போடுகிறேன். ஒரே ஒரு உதவி கேட்கிறேன் சார். இந்த வீடியோவுக்கு எழுத்து போடுகிற வேலையை மட்டும் என்னிடம் கொடுங்கள். மேடம் போட்டால் நான் சொன்னதை அப்படியே போட்டுவிடுவார், யூனிஸ் அதைத் தாங்கமாட்டாள். தம்பி மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டான், அவசர வேலை, சொல்லிக்கொள்ள நேரமில்லை என்று போட்டால் போதும். நான் கொஞ்ச நாள் வெளியூரில் இருப்பதாகப் போடலாம்.

அவள் பையோடு கிளம்பின இடத்தை மட்டும் நான் தொடமாட்டேன். அங்கே மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. என்ன சொல்லிவிட்டுப் போனாளோ அதுதான் உண்மை.