சனிக்கிழமைக் கடைசி ஈடு

வயது நாற்பத்தாறு. வேலை, விடுதிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளைக்குள் துணி விடுவது. கணவர் முன்பு லாரி ஓட்டியவர், விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து படுக்கையில் இருக்கிறார். குடியிருப்பது சந்தைக்குப் பின்தெருவில், மாடிப்படியை ஒட்டிய கீழ்வீடு. என்னை யாரும் அழைத்து வரவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. விடுதியில் துணி திருடியதாக இந்தக் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கும் சலவை இயந்திரக்காரர் சம்பந்தமாக நானாகவே வந்து சொல்வதாவது.

அந்த இயந்திரக்காரரை நாங்கள் நுரையண்ணன் என்று கூப்பிடுவோம். சோப்புத்தூளை எப்போதும் ஒரு கை கூடுதலாகப் போடுவார் என்பதால் வந்த பெயர். சலவைக்கூடத்தில் ஆறு பேர் வேலை செய்கிறோம். சனிக்கிழமை விடுதித் துணியெல்லாம் முடிந்த பிறகு, பெரிய இயந்திரத்தில் கடைசியாக ஒரு ஈடு, அதாவது ஒரு தடவை ஓட்டுவது, எங்கள் வீட்டுத் துணிக்கு என்று பழைய மேலாளர் காலத்திலிருந்தே வழக்கம். ஆளுக்கு ஒரு மூட்டை. அதற்கு "நம்ம ஈடு" என்று பெயர் வைத்திருந்தோம். துணி பிரிக்கும் வேலை செய்யும் அக்கா தன் மகளுடைய கைக்குழந்தையின் துணிகளைக் கொண்டுவருவார். நுரையண்ணன் தன் மகளின் நர்ஸ் உடுப்பைக் கொண்டுவருவார். நான் என் வீட்டுக்காரரின் படுக்கை விரிப்பைக் கொண்டுவருவேன்.

அது துவைந்து, உருளையில் போய், சூடாக வெளியே வரும். மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று பேருந்துக்குக் காத்திராமல் நடந்தே போய்விடுவேன். வீட்டுக்காரரை ஒருபுறம் புரட்டி அதை விரித்ததும், "இன்னிக்கு எந்த ரூம் போட்டிருக்கே?" என்று கேட்பார். "ஏசி ரூம்தாங்க, வாடகையைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க" என்பேன். மற்ற நாள்களில் அவர் அதிகம் பேசுவதில்லை. இது வழக்குக்குத் தேவையில்லாத விஷயம் என்று இதை எழுதும் எழுத்தர் சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு இந்த வருடத் தொடக்கத்தில் புது மேலாளர் வந்தார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. விருந்தினர் துணி துவைக்கிற இயந்திரத்தில் வெளித்துணி போடக்கூடாது என்று எங்கள் ஈட்டை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகச் சம்பளத்தோடு சலவைப்படி என்று ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார். தொகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தாராளமாகவே இருந்தது. எல்லாரும் வாங்கிக்கொண்டோம். அதன் பிறகு இரண்டு முறை விரிப்பை வெளிச்சலவைக்குக் கொடுத்தேன். வெள்ளையாகத்தான் வந்தது. ஆனால் ஆறிப்போய், வேறு யார் வீட்டு வாசனையோ சேர்ந்து வந்தது. வீட்டுக்காரர் கையால் தடவிப் பார்த்தார், ரூம் எது என்று கேட்கவில்லை. மறுநாள் உருளைக்கு முன்னால் நின்று அழுதுவிட்டேன். ஆவி கண்ணில் அடிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், நுரையண்ணன் நம்பவில்லை.

அதன் பிறகு அவர் ஒரு ஏற்பாடு செய்தார். விடுதித் துணி ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலால் சிறிய பெருக்கல் குறி தைத்திருக்கும். அந்தக் குறி இல்லாத துணி இயந்திரத்தில் கிடந்தால் மேலாளர் கண்டுபிடித்துவிடுவார். எனவே நுரையண்ணன் எங்கள் ஆறு பேர் துணியிலும் அதே போல் குறி தைத்து, விடுதித் துணியோடு கலந்து துவைத்துக் கொடுத்தார். வீட்டுக்குப் போகும் முன் அக்கா நூலைப் பிரித்துவிடுவார். படியையும் வாங்கிக்கொண்டு ஈட்டையும் ஓட்டியது தப்புதான், நான் மறுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவசரத்தில் நூல் பிரிக்காமலே விரிப்பைக் கொண்டுபோய்விட்டேன். வீட்டுக்காரர் மூலையில் குறியைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நிஜமாவே லாட்ஜுல தங்கின மாதிரி இருக்கு" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதன் பிறகு என் விரிப்பில் மட்டும் நூலைப் பிரிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். "ஒருநாள் மாட்டிக்கப்போறே பாரு" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

போன சனிக்கிழமை வாசலில் வாட்ச்மேன் என் பையைத் திறக்கச் சொன்னார். விடுதியில் துண்டுகள் காணாமல் போவதால் அன்றுதான் புதிதாகச் சோதனை வைத்திருந்தார்கள், அது எங்களுக்குத் தெரியாது. குறி போட்ட விரிப்பைப் பார்த்ததும் மேலாளரைக் கூப்பிட்டார். "இது எப்படிம்மா உங்க பைக்குள்ள வந்துச்சு?" என்று மேலாளர் கேட்டார். நான் பையின் வாயை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்த நுரையண்ணன், "நான்தான் சார் எடுத்துக் குடுத்தேன். பழசுன்னு கழிச்சதுன்னு பொய் சொல்லிக் குடுத்தேன், இந்தத் தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அவரே ஒப்புக்கொண்டதால் மேலாளர் விரிப்பைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு காவலர்கள் வந்து அவரை அழைத்துப் போனார்கள். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் போய்விட்டேன். வெறும் பையோடு போனேன்.

மறுநாள் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "அவரு ஏன் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டாருன்னு புரியலையா? உன் துணின்னு தெரிஞ்சா எல்லார் துணியும் வெளிய வந்துடும். ஈடும் போயிடும், ஆறு பேர் வேலையும் போயிடும். ஒரே ஒரு விரிப்பு, மிரட்டி விட்டுடுவாங்க. நீ வாயைத் திறக்காதே" என்றார். நானும் திறக்கவில்லை. அதன் பிறகு, காணாமல் போன துண்டுகளையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள் என்று நேற்று தெரிந்தது. அவர் மகள் அவமானத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் என்றும் தெரிந்தது.

அதன் பிறகு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை, விரிப்பு சலவைக்குப் போயிருக்கிறது என்று ஏமாற்றி வைத்திருந்தேன். "என் முதுகுக்குக் கீழ கெடந்த துணிக்காக ஒரு மனுஷன் கம்பிக்குள்ள இருக்கானா? எழுந்திரு, கெளம்பு" என்றார். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேசையில் எனக்குக் காட்டப்பட்ட விரிப்பு என்னுடையது. இரண்டு சிறிய விரிப்புகளை ஒட்டி நான் தைத்தது, நடுவில் நெடுக ஒட்டுத்தையல் இருக்கிறது. விடுதியில் ஒட்டுப்போட்ட விரிப்பு கிடையாது, மேலாளரே வந்து பார்க்கலாம். அடையாளம் காட்டிய பிறகு அதை மடித்து வைத்தேன். சான்றுப்பொருளைத் தொடக்கூடாது என்று காவலர் சத்தம் போட்டார். கசங்கிக் கிடந்ததைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. காணாமல் போன துண்டுகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நுரையண்ணன் எடுக்கவில்லை என்று மட்டும் எங்கே கேட்டாலும் சொல்வேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். இந்த அறைக்கு வரும்போது நுரையண்ணனைக் கம்பிக்குப் பின்னால் பார்த்தேன். "எதுக்கு வந்தே? திரும்பிப் போயிடு தங்கச்சி. ரெண்டு நாள் பொறுத்தா நானே வெளிய வந்துடுவேன். ஆறு வீட்டுத் துணியையும் நடுத்தெருவுல போட்டுடாதே" என்றார். நான் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்தேன். இனி நம்ம ஈடு கிடையாது என்று எனக்குத் தெரியும். எங்கள் வேலை இருக்குமா என்றும் தெரியாது. அவர் இனி என்னோடு பேசவும் மாட்டார். பேசாவிட்டால் போகிறது, அந்தக் கோபத்தோடு வீட்டுக்குப் போய் மகளைப் பார்க்கட்டும்.

இதில் உள்ளது முழுவதும் என் வாயால் சொன்னது. எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, அனைத்தும் உண்மை என்று கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)