மூணாவது ஏடு

— துணிய இன்னும் இழுத்துக் கட்டுங்க, லாய் அப்பா. பானை வாயில மேளத்தோல் மாதிரி நிக்கணும்.

— தட்டினா சத்தமே வருது, கேளு!

— ஓரத்துல கீறி விட்டீங்களா? ஆவி போக வழி இல்லன்னா துணி உப்பிரும்.

— விட்டாச்சு. இருபத்தாறு வருஷமா உன் மீ நூடுல்ஸ் தின்னவன்டி நான். இது தெரியாதா?

— தின்னத்தான் தெரியும். அடுப்படிக்கு என்னிக்கு வந்தீங்க? அவ்வளவு ஆசைன்னா ஹோய் ஆன் சந்தையில வாங்கிட்டு வரலாம்ல? அரிசி மாவை ஏடு ஏடா அவிச்சு, எண்ணெய் தடவி, நறுக்கி... அது மீ ஆகிறதுக்குள்ள மத்தியானம் ஆயிரும்.

— ஆகட்டும். இந்தா, ஊத்துறேன்...

— கலக்கிட்டு! கலக்கிட்டு ஊத்துங்க! மாவு அடியில போய்த் தங்கிரும்.

— சரி, சரி... மூடியாச்சு. எடுக்கட்டுமா?

— பொறுங்க... ம், இப்ப. மூங்கில் குச்சிய அடியில விட்டு... ஐயோ!

— கிழிஞ்சிருச்சு.

— புது அரிசியா போட்டீங்க? அது ஒட்டும்னு எத்தனை தடவை...

— பழசுதான். போன வருஷத்து அரிசி. நீயும் நானும் சேர்ந்து அறுத்தோமே, அது.

— சரி, அடுத்ததை ஊத்துங்க.

— ரெண்டாவதைப் பாரு. இது கிழியல.

— அம்மை போட்ட மாதிரி இருக்கு. மூடித் தண்ணி சொட்டியிருக்கு. துடைச்சுட்டு மூடுங்க... அந்தத் தட்டை ஏன் வலது கைகிட்டயே வைக்கிறீங்க? வாதம் வந்து ஆறு மாசமா செத்துக் கிடக்கு. இடது பக்கம் வைங்க, எண்ணெய் தடவுறேன்.

— இடம் இல்ல. அந்தக் கையையும் சும்மா ஏட்டு மேல வை. ஓரம் சுருளாம இருக்கும்.

— கல்லைத் தூக்கி வெச்ச மாதிரிதான்.

— உணர்ச்சி வர்றதுன்னா ஆறு மாசத்துக்குள்ள வரணும்னு டாக்டர்...

— அது முந்தாநாளோட முடிஞ்சு போச்சு. அந்தப் பேச்சு வேண்டாம். மாவைக் கலக்குங்க.

— ...இப்ப பாருடி! மூணாவது!

— அடேயப்பா... முழுசா வந்துருச்சு! தூக்கிப் பிடிங்க, தூக்கிப் பிடிங்க! ஜன்னல் கம்பி தெரியுது... காலை வெயிலையே உரிச்சு எடுத்த மாதிரி...

— மஞ்சள் கொஞ்சம் போட்டேன், நீ போடுற மாதிரியே. நகரு, கிழிஞ்சிரப் போவுது... ம், போட்டாச்சு. கைய வை.

— ...

— என்ன, பேச்சையே காணோம்?

— ஒண்ணுமில்ல. இப்படி ஒண்ணு நடக்கும்னு நினைக்கவே இல்ல.

— ஒரு ஏட்டுக்கா கண்ணு கலங்குது?

— வெங்காயம் தாளிச்ச எண்ணெய்ங்க... புகை. அடுத்ததை ஊத்துங்க.

— இந்தா, நாலு... அஞ்சு...

— ம், அடுத்தது.

— பதினெட்டு. மாவு தீந்துருச்சு... லாய் அம்மா, ஒண்ணு சொல்லணும். எனக்கு மீ ஆசைன்னு சொன்னது பொய். ஆவி பறக்க ஒவ்வொண்ணா உன் கைக்கு அடியில வெச்சா, ஒண்ணாவது சுடாதான்னு... சரி, விடு. கத்திய எடுக்கிறேன், நறுக்கலாம்.

— மூணாவதே சுட்டுச்சுங்க. சொல்லியிருந்தா குச்சிய அப்படியே போட்டுட்டு ஊரைக் கூட்டப் போயிருப்பீங்க... எனக்காக நீங்க அடுப்படியில நிக்கிறதை இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணும்னு இருந்துச்சு.