தவ்வையின் முகம்

ஞாயிற்றுக்கிழமைகளில் கும்மிடிப்பூண்டியிலிருந்து பட்டணம் போகும் ரயிலில் கூட்டம் இருக்காது, ஐயா. உட்கார்ந்து படித்துக்கொண்டே போகலாம். 1972இல் எட்டு ஞாயிறுகள் அப்படிப் போனேன். என் பெயர் கிரேஸ். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. பட்டணத்தில் ஒரு காட்சிசாலையில் பழைய சிற்பங்களைக் கண்காட்சியாக வைத்து, அதையொட்டிச் சிற்ப வரலாறு சொல்லிக்கொடுத்தார்கள். நடத்தியவர் துளசிராமன்.

மூன்றாவது வகுப்பு தவ்வையைப் பற்றியது. மூதேவி என்று திட்டுகிறோமே, அவள்தான். ஒரு காலத்தில் கும்பிட்டவர்களே பிறகு பயந்து அவளைக் குப்புறத் தள்ளிவிட்டார்களாம். பக்கத்தில் காக்கைக் கொடி இருக்கும் என்றார். எங்கள் சேரியை ஒட்டிய ஏரிக்கரையில் ஒரு கல் குப்புறக் கிடந்தது. என் அம்மா அதன் முதுகில்தான் துணி துவைப்பாள். மறுநாளே போய் ஓரத்து மண்ணைக் கையால் தோண்டினேன். காக்கை விரலில் தட்டுப்பட்டது.

ஆள் வைத்துப் புரட்டி, அளந்து, வரைந்து, நான்கு பக்கம் எழுதித் துளசிராமனிடம் கொடுத்தேன். நன்றாயிருக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

மறு வருடமும் வகுப்பில் சேர்ந்தேன். அந்த வருடக் கண்காட்சியில் எங்கள் ஏரிக்கரைத் தவ்வை கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கண்டுபிடித்தவர் துளசிராமன் என்று அட்டையில் இருந்தது. என் நான்கு பக்கங்களை அவர் தன்னுடையதாக வகுப்பில் வாசித்தார். முடிந்ததும் போய்க் கேட்டேன்.

"நீ கல்லைக் காட்டினே. அது என்னன்னு சொன்னது நான்," என்றார். "தலைமுறை தலைமுறையா அதுமேலே துணி துவைச்சவங்கதானேம்மா நீங்க."

நான் கோபப்படவில்லை. அடுத்த ஞாயிறும் வகுப்புக்குப் போனேன். பையில் உளியும் சுத்தியலும் இருந்தன.

அந்தக் கூடத்துக் காவலாளி செங்கல்வராயன் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். ஒரே ரயிலில் வருவோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். நான் வரைவதற்காக அவர் என்னை உள்ளே விடுவார்.

"நீ வரைஞ்சிக்கினு இரு டீச்சரம்மா, நான் துன்னுட்டு வந்துர்றேன்," என்று சொல்லிப் போனார்.

கதவைச் சாத்தினேன். உளியை வைத்து நான்கு அடி அடித்தேன். மூக்கும் உதடும் ஒரே சில்லாகப் பெயர்ந்தன. கண்களுக்கு இன்னும் இரண்டு அடி வேண்டியிருந்தது. பின்வாசல் வழியாக வெளியே வந்து, குழாயில் கை கழுவிவிட்டு, பிற்பகல் வகுப்பில் உட்கார்ந்தேன்.

திரும்பும் ரயிலில் செங்கல்வராயன் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீ கிளம்புனப்புறம் எவனோ பூந்துட்டிருக்கான். உன்ன உள்ள வுட்டத நான் சொல்லல. படிச்ச பொண்ணு, உன் பேரு கெட்டுடும். நான் எங்கியும் போவல, அங்கியே குந்திக்கினு இருந்தேன்னு சொல்லிட்டேன்."

அங்கேயே இருந்தேன் என்று அவராகவே சொன்ன பிறகு, செய்தவர் அவராகத்தானே இருக்க முடியும்? அன்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் வேலை போயிற்று. வழக்குப் போட்டார்கள். அவர் மனைவி பச்சையம்மா அழுதுகொண்டே என் வீட்டுக்கு வந்தாள்.

"ஒரு மனு எய்திக் குடும்மா. அது எறும்பக்கூட மிதிக்காது."

எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாயிருக்கும். ஜாமீனில் வந்த மூன்றாம் நாள், கவரைப்பேட்டைக்கு அருகே அவர் தண்டவாளத்தில் தலையை வைத்துவிட்டார். அடக்கத்துக்குப் போய் வந்தேன். அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அதற்காக நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வரவில்லை, ஐயா. போன வாரம் துளசிராமன் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். படிப்பறிவில்லாத ஒரு காவலாளியின் முரட்டு வேலை என்று. அதை மூன்று முறை வாசித்தேன். எந்தக் கோணத்தில் உளி வைத்தால் முகம் மட்டும் போய்க் கிரீடம் நிற்கும் என்று செங்கல்வராயனுக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அது தவ்வை என்பதே தெரியாது. இதையும் வேறு ஒருவர் பெயரில் எழுதிவிட்டால் நான் என்ன செய்வேன்?

செய்தவள் கிரேஸ். பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள்.