குன்றை வலப்பக்கம் வைத்து நடக்கவும்

நடந்து வந்தவரை முதலில் காலணியைக் கழற்றச் சொல்லி உட்கார வைக்க வேண்டும், கேள்வியெல்லாம் அப்புறம்தான். உட்காருங்கள், ஐயா. குதிகாலில் கொப்புளம் உடைந்திருக்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டிருக்கிறேன், காலை அதில் வையுங்கள். எழுதுவதற்குக் கை போதுமே.

என் பெயர் முத்லக். வயது ஐம்பத்தெட்டோ அறுபதோ, ஆடுகளின் வயதைத்தான் நான் சரியாகச் சொல்வேன். குன்றடிப் பாதையில் வழிகாட்டும் கற்குவியல்களை இடம் மாற்றியது நான்தான். அதை மறைக்கவில்லை. எதற்காக மாற்றினேன் என்பதை மட்டும் நீங்கள் ஹுலையில் என்பவன் சொன்னபடி எழுதிவிடக் கூடாது. அவன் என் மனைவி வத்ஹாவின் தம்பி. உங்கள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என் அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்று பெரியவர்களிடம் கேட்கப் போகிறான். பாலைவனத்தில் எங்கள் கூட்டத்தில் ஒருவன் அடுப்பை அணைத்துவிட்டால், அதன் பிறகு யாரும் அவன் வாசலில் வந்து உட்கார மாட்டார்கள், அவன் இருந்தும் இல்லாதவன். என்னைப் பெயர்த்துக்கொண்டுபோய் ஊரில் சிமெண்ட் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.

வத்ஹா அங்கேதான் இருக்கிறாள். மூன்று வருடமாகிறது. சண்டை ஒன்றுமில்லை. நான் என் ஒட்டகப் பந்தயக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்து மூட்டையைக் கட்டினாள். "உன் ஒட்டகம் ஓடி முடிச்சதும் ஆள் அனுப்பு, வந்துடறேன்" என்றாள். அது நீளமான கதை. முடியவில்லை.

முன்பெல்லாம் பாதை என் கூடாரத்து வாசல் வழியாகத்தான் போகும். வெளிநாட்டுக்காரர்கள் முதுகில் மூட்டையும் கையில் இரண்டு குச்சிகளுமாக வருவார்கள். ஒரு தேநீர் குடிப்பார்கள். கதையில் என் ஒட்டகம் எழுந்து நிற்பதற்குள் அவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். சரி, போகட்டும், வந்தார்களே என்று இருந்தேன். இரண்டு வருடம் முன்பு ஹுலையில் மணல்வெளிக்கு அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்க இருபது கூடாரம் போட்டான். என் இடத்துக்கு அரை மணி நேர நடைக்கு முன்னாலேயே மூன்று குவியல் வைத்துப் பாதையை இடப்பக்கம் திருப்பிவிட்டான். அப்புறம் என் வாசலுக்கு வந்தது ஆடும் காற்றும்தான்.

நான் செய்தது சின்ன வேலை. அவன் வைத்த மூன்று குவியலையும் கலைத்தேன். அந்தக் கற்களையே எடுத்துக் குன்றின் அடியோடு நேராக வைத்துக்கொண்டு போனேன். கல் போதவில்லை, இன்னும் கொஞ்சம் பொறுக்கினேன். வளைவு வந்தது, வளைந்தேன். இப்படியே வைத்துக்கொண்டு போனதில் எட்டு மணி நேர நடையில் என் கூடாரத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். குன்று தனிக் குன்று, அது என் தவறல்ல.

நீங்கள் விசாரிக்கும் அந்த டச்சுத் தம்பதி ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார்கள். கணவர் பெயர் யெல்லெ, மனைவி மர்ரித். இருவருக்கும் எழுபதை ஒட்டி இருக்கும், நல்ல கால்கள். குன்றை வலது கைப் பக்கம் வைத்துக் குவியலைப் பார்த்து நடந்தால் இரவுச் சாப்பாட்டுக்குத் தன் இடத்துக்கு வந்துவிடலாம் என்று ஹுலையில் சொல்லி அனுப்பியிருக்கிறான். இது எனக்கு அப்புறம்தான் தெரியும். வந்த விருந்தாளியிடம் மூன்று நாளைக்கு எங்கே போகிறீர்கள், என்ன காரியம் என்று கேட்பது எங்களில் அசிங்கம். நான் கேட்கவில்லை. ரொட்டி சுட்டேன், காபி ஊற்றினேன். போதும் என்றால் கோப்பையை ஆட்ட வேண்டும். அது அவர்களுக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. ஆளுக்குப் பத்தொன்பது கோப்பை குடித்தார்கள். எங்கள் மொழி அவர்களுக்குப் பாதி தெரியும், அவர்கள் ஆங்கிலம் எனக்குப் பாதி தெரியும். காபி தூங்க விடவில்லை. கதையை முழுசாகக் கேட்டார்கள்.

முழுசாக, ஐயா. ஒட்டகம் எழுந்தது, ஓடியது, முதலாவதாக வந்தது. மர்ரித் அம்மா கைதட்டினார். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் அவர்களே கிளம்பினார்கள். வழி கேட்டார்கள். குவியலைப் பார்த்துப் போங்கள் என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது.

அவர்கள் போனதும் கூடாரத்தின் பின்பக்கத்தை முன்பக்கமாக்கினேன். தனி ஆளாக ஆட்டுமயிர்க் கூடாரத்தைத் திருப்பிக் கட்டுவது எவ்வளவு இடுப்பொடிக்கும் வேலை என்று ஹுலையிலுக்குத் தெரியாது. தலையிலிருந்த சிவப்புத் துணியை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி கட்டினேன். எதிர்ப்பக்கமாகப் போய் அவர்கள் வரும் வழியில் ஒரு பாறை நிழலில் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன், ஏனென்றால் நான் கொலைகாரன் இல்லை. மாலையில் வந்தார்கள். மர்ரித் அம்மா என் ஒற்றைக் கொம்பு ஆட்டைப் பார்த்துவிட்டு நின்றார்.

"நேத்து ஒரு வீட்ல இதே மாதிரி ஆடு பாத்தோமே."

"அது இதோட அக்காதாம்மா" என்றேன்.

"நேத்து இருந்தவர் உங்களுக்குச் சொந்தமா?"

"அண்ணன். ஒட்டகக் கதை சொன்னானா? முதலா வந்துச்சுன்னு சொல்லியிருப்பானே. அவன் வாயைத் திறந்தா பொய்தான். ரெண்டாவதா வந்துச்சு. உட்காருங்க, நடந்ததைச் சொல்றேன்."

எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அக்காமார் மட்டும் ஐந்து பேர்.

மூன்றாம் மாலை நான் நீலத் துணி கட்டியிருந்தேன், ஒரு கண்ணை லேசாக மூடிக்கொண்டேன். அன்று ஒட்டகம் பந்தயத்தை முடிக்கவே இல்லை, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. யெல்லெ ஐயா தன் சின்னப் புத்தகத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் சொன்னதையும் எழுதி, அடியில் கோடு போட்டு யோசித்தார். படமும் காட்டினார். என் வாசலுக்குச் சற்று முன்னால் இருக்கும் அதே பாறையை மூன்று நாளும் எடுத்திருந்தார்கள். முதல் நாளைவிட மூன்றாம் நாள் பாறைதான் அழகு என்றார்கள். ரசனை தெரிந்தவர்கள்.

அன்று அவர் காலணியின் அடி பிய்ந்துவிட்டது. இனி நடக்க வேண்டாம், இங்கேயே காத்திருக்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். என் டயர் செருப்பைக் கொடுத்தேன். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். "ஒரு சிகரெட் தூரம்தான், ஐயா" என்றேன். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். யாருடைய சிகரெட், அவர் எவ்வளவு நிதானமாகப் பிடிப்பார் என்று அவர் கேட்கவில்லை.

மர்ரித் அம்மா ஓரமாக உட்கார்ந்து ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் கொள்ளும் அளவுக்கு ஒரு தொப்பி. வெளுத்த மஞ்சள் நூல். நடுநடுவே கைபேசியை எடுத்து மேலே தூக்கிப் பார்த்தார். இந்தக் குன்றடியில் சிக்னல் கிடையாது. நல்ல நூல் என்று சொன்னேன். மகளுக்குத்தான், நாள் நெருங்கிவிட்டது, வியாழக்கிழமை விமானம் என்றார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். கேட்காமல் கிடைத்த விஷயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்கள் வழக்கத்தில் எதுவும் இல்லை. காபி ஊற்றினேன்.

மூன்று நாள் முடிந்ததே, நாலாம் நாள் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. நானும் யோசித்தேன். தங்கியே இருக்கிறவருக்குத்தான் அந்தக் கணக்கு. காலையில் சொல்லிக்கொண்டு போய்விட்டு மாலையில் வருகிறவர் புது விருந்தாளி. கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். எந்தப் பெரியவரையும் கேட்டுப் பாருங்கள். எந்தப் பெரியவருக்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்ததில்லை, அதுதான் சிக்கல்.

புதன்கிழமை அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். எட்டு மணி நேர வழியை ஏழு மணி நேரத்துக்குள் நடந்திருக்கிறார்கள், டயர் செருப்போடு. நாலாவது தம்பியிடம் ஒட்டகத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமாம். வாசலில் மூட்டையை இறக்கியதும் யெல்லெ ஐயா கேட்ட முதல் கேள்வி அதுதான். கட்டாயப்படுத்தி நடக்க வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் கறுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறக்கும்போது ஹுலையில் ஒட்டகத்தின் மேல் வந்து நின்றான்.

"யோவ் மச்சான், இங்கதான் இருக்காங்களா? நாலு நாளா மண்ணுக்குள்ள புதைச்சுக் கறிய வேகவச்சிட்டுக் காத்துட்டிருக்கேன்யா. அவங்க வராம வராம நாங்களே தின்னு, இப்ப என் புள்ளைங்க கறியப் பாத்தாலே ஓடுதுங்க."

"விருந்தாளி இருக்காங்க. இறங்கி உட்காரு, காபி குடி" என்றேன்.

"காபியா? தலையில என்னய்யா கறுப்புத் துணி, யார் செத்தா?"

"இவரோட அண்ணன் நீலம் கட்டியிருந்தார்" என்று மர்ரித் அம்மா அவனுக்கு விளக்கினார். "வெள்ளை கட்டினவர் இன்னொருத்தர்."

ஹுலையில் என்னைப் பார்த்தான். கூடாரத்தைப் பார்த்தான். ஆட்டைப் பார்த்தான். அப்புறம் ஒட்டகத்தின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். அழுகிறானோ என்று நினைத்தேன், சிரித்திருக்கிறான். "இவனுக்கு ஏதும்மா அண்ணன்? அஞ்சு அக்காவும் இவன் கதைக்குப் பயந்து அக்காபா டவுனுக்குக் கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றான். எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் சிரிப்பு நின்றுவிட்டது, அவர்கள் முகத்தைப் பார்த்ததில்.

யெல்லெ ஐயா தன் புத்தகத்தை மூடினார். "அப்ப ஒட்டகம்?" என்று மட்டும் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். எனக்கு ஒட்டகம் இருந்ததே இல்லை, ஆடுகள்தான். பாறையைவிட ஒட்டகத்தின் மேல்தான் அவருக்கு வருத்தம் என்று தோன்றியது.

ஹுலையில் மர்ரித் அம்மாவைச் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஒட்டகத்தில் கூட்டிப்போனான். கைபேசி இடைவிடாமல் கூவியது இங்கே வரை கேட்டது. பெண் குழந்தை. திங்கட்கிழமையே பிறந்துவிட்டது, குறை மாதம், ஆனால் நலம். மகள் நாற்பது தடவை கூப்பிட்டிருக்கிறாள். திரும்பி வந்தபோது வாழ்த்துச் சொன்னேன். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டார். அந்தத் தொப்பியை மூட்டையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நாலு நாள் என் ரொட்டியைச் சாப்பிட்டவர் சொல்லாமல் போவது எங்களில் பெரிய அவமரியாதை. இருந்தாலும் நான் புகார் கொடுக்கவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. குவியல்களைக் கலைத்தேன், வைத்தேன், வேறு வேறு ஆளாக மாறி மாறி உட்கார்ந்தேன், தெரிந்தும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் கைநாட்டு வைக்கிறேன். ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். தனிமையில் புத்தி பிசகியவன் என்று ஹுலையில் எழுதச் சொன்ன வரி. அது சுத்தப் பொய், ஐயா. தனிமையில் கிடப்பவன் வீட்டுக்குத் தினமும் விருந்தாளி வருவாரா? நீங்களே சாட்சி. ஹுலையில் இடத்திலிருந்து காலையில் கிளம்பி வந்துவிட்டுப் போகலாம் என்று வந்த அதிகாரி, இன்றோடு மூன்றாவது மாலையாக என் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முந்தாநாள், முத்லக் இங்கே இல்லை, பக்கத்துக் கூடாரத்தில் கேளுங்கள் என்று உங்களை அனுப்பிய சிவப்புத் துணிக்காரர் நான்தான். நேற்றைய வெள்ளைத் துணிக்காரரும் நான்தான். உங்களிடம் எதையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

குவியல்களை எல்லாம் பழைய இடத்தில் வைத்துவிட்டேன், சத்தியமாக. நாளைக் காலையில் குன்றை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நேராகப் போங்கள், மதியத்துக்குள் உங்கள் வண்டி நிற்கும் இடத்துக்குப் போய்விடுவீர்கள். மாலைக்கு நான் இரண்டு பேருக்கு மாவு பிசைந்து வைக்கிறேன்.