கோபா நீட்டிய கை

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெரியவர் ஹென்ட்ரிக் ஃபான் ஹால்டெரன் அவர்களே! போர்க்காலத்தில் ஜப்பானியரின் ஆண்கள் முகாமில் கல்லுடைத்த கையால் இன்று கைத்தடி ஊன்றி வந்திருக்கும் மூத்தவர்களே! ஜாவாவின் முள்வேலிக்குள் பிள்ளையையும் பசியையும் ஒரே இடுப்பில் சுமந்த தாய்மார்களே! "அங்கே என்னம்மா நடந்தது?" என்று கேட்கத் துணியாமலே இந்த ஹேக் நகரில் வளர்ந்துவிட்ட பிள்ளைகளே! மூன்றாம் வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் தொலைக்காட்சி நாடகத்தின் இயக்குநர் தம்பி ருட்கெர் அவர்களே, நடிகையரே! வந்திருக்கும் உங்களையும், வர வழியில்லாமல் ஜாவாவின் செம்மண்ணுக்கடியில் படுத்துவிட்ட நம் பெண்களையும் ஒருசேர வணங்கித் தொடங்குகிறேன். என் பெயர் ஃபென்னா ரைகெர்ஸ்.

இந்த வசந்தம் முழுவதும் வாரந்தோறும் நாம் எல்லோரும் ஒரே நாடகத்தைப் பார்த்தோம். முள்வேலியைக் காட்டினார்கள், அழுதோம். முதுகு வளையக் குனிந்து வணங்கும் வரிசையைக் காட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே நம் முதுகும் வளைந்தது. பசியோடு படுத்துக்கொண்டு, சமைக்க முடியாத பலகாரங்களுக்கெல்லாம் செய்முறை சொல்லிக்கொண்டார்களே, அந்தக் காட்சியில் சிரித்தோம். நான்கூட, "என்னடி இது, இந்த நடிகைக்குக் கன்னத்துல இவ்ளோ சதை! எந்த முகாம்ல இப்படிக் கொழுக்கட்டையாட்டம் இருந்தாங்க?" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். (சிரியுங்கள், சிரியுங்கள். சிரிப்பதற்கு இனி இந்தப் பேச்சில் இடம் இருக்காது.)

ஆனால் ஒரு காட்சி வந்தது. பெண்களின் தலைவி, ராணுவ அதிகாரியின் முன் நிற்கிறாள். அவன் இளம்பெண்களைக் கேட்கிறான். அவள் கையை நீட்டி, "அதோ, அவள்" என்று காட்டிக்கொடுக்கிறாள். நாடகத்தில் அவளுக்கு வேறு பெயர்தான் வைத்தார்கள். ஆனால் நம்மில் யாருக்குத் தெரியாது, அது யார் என்று? கோபா தெர்ஹோர்ஸ்ட்! நம் முகாமின் தலைவி கோபா!

மறுநாள் என்ன நடந்தது? மாதர் சங்கம் அவளுக்கு அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெற்றது. காய்கறிக் கடையில், "காட்டிக்குடுத்தவளுக்குக் கேரட் ஒரு கேடா?" என்று அவள் காதுபட ஒருத்தி கேட்டாள். போன மாதம் இதே மண்டபத்தில் அவள் வந்து உட்கார்ந்ததும், பக்கத்து நாற்காலிக்காரி எழுந்து நாற்காலியோடு நகர்ந்தாள். கோபா ஒரு சொல் சொன்னாளா? சொல்லவில்லை. மறுத்தாளா? மறுக்கவில்லை. மறுக்காததையே சாட்சியாக்கி, மௌனத்தையே குற்றமாக்கி, எண்பது வயதை நெருங்கும் ஒரு கிழவிக்கு நாம் தண்டனை கொடுத்தோம்.

முகாமில் அன்றைக்கு முன்வரிசையில் நின்றவள் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது, போருக்கு முன் பள்ளி ஆசிரியை. என் தங்கை பெட்யே பதினேழு. அம்மா முகாமுக்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே போய்விட்டாள். ஒரு காலை, எண்ணிக்கை முடிந்தும் எங்களைக் கலைய விடவில்லை. வெளியே லாரி நின்றது. அதிகாரி கையுறையை உருவிக்கொண்டே வரிசையில் நடந்தான். பெட்யேவுக்கு முன்னால் வந்து நின்று, அவள் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினான். எதற்கு என்று எங்களில் யாருக்கும் தெரியாமல் இல்லை.

அப்போது கோபா வரிசையை விட்டு வெளியே வந்தாள். கையை நீட்டி என் தங்கையைக் காட்டினாள். ஆம், காட்டினாள்! பின்வரிசையில் நின்றவர்களுக்குக் கை தெரிந்தது, வாய்ச்சொல் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அரைகுறை மலாய் மொழியில் அவள் சொன்னாள்: "இந்தப் பொண்ணுக்குச் சீக்கு. ஒட்டுற சீக்கு. தொடாதீங்க." பிறகு அதே கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "வேணும்னா என்னக் கூட்டிட்டுப் போங்க."

அவன் சிரித்தான். வாள் உறையால் அவள் வாயில் அடித்தான். ரத்தத்தோடு பல்லையும் துப்பிவிட்டு, அவள் மறுபடி அதே இடத்தில் நின்று, மறுபடி அதையே சொன்னாள். மறுபடி அடி! மறுபடி அதே சொல்! காட்டிக்கொடுப்பவள் இப்படியா நிற்பாள்? கேட்கிறேன், தாய்மார்களே, காட்டிக்கொடுப்பவள் அடிபட்ட வாயோடு இப்படியா நிற்பாள்?

மூன்றாவது முறை அவன் உறையை ஓங்கியபோது, "நான் வர்றேன், எந் தங்கச்சிய விட்டுடு" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்.

ஆம். அந்த லாரியில் ஏறியவள் நான்.

(அங்கே எழுந்து போகும் அம்மையாரே, போவது உங்கள் உரிமை. கதவை மட்டும் சாத்திவிட்டுப் போங்கள். வாசலருகே வயதானவர்கள் இருக்கிறார்கள்.)

என்னோடு இன்னொருத்தியும் ஏறினாள். அதெல் என்று பெயர். சுரபயா நகர ஓட்டல்களில் பாடியவள். முகாமில் அவளோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். யாரும் கேட்காமல், அவளாகவே நடந்து வந்தாள். "நகர்ந்து உக்காருடி டீச்சரம்மா. தனியாப் போனா பயந்தே செத்துடுவ" என்றாள். வாசல்வரை வீங்கிய வாயோடு வந்த கோபா, எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "திரும்பி வாங்கடி. எப்படி வந்தாலும் வாங்க. நான் இருக்கேன்" என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்த வீட்டைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வாசலில் பூந்தொட்டிகள் இருந்தன. அது போதும். அதெல் அங்கேயே செத்தாள். எங்கே புதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

சில மாதங்கள் கழித்து, காய்ச்சலில் எதற்கும் உதவாதவள் என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். நான் கொட்டகைக்குள் நுழைந்தேன். "ஜப்பான்காரன் வைப்பாட்டி வந்துட்டா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். பசி பேசிய பேச்சு அது. கோபா தன் பாயைத் தட்டிப் போட்டாள். "இவ எம் பக்கத்துல படுப்பா. எவளுக்காவது மூக்கப் பொத்தணும்னா வெளிய போய்ப் பொத்திக்கங்க!" என்றாள். ஒருத்தியும் வெளியே போகவில்லை.

நான் கேட்டேன்: "பெட்யே எங்க அக்கா?"

கோபா பொய் சொல்லவில்லை. "போயிட்டா ஃபென்னா. வயித்துப்போக்கு. நீ போனதால அவ பொழச்சான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அவள ஒருத்தனும் தொடல. உம் பேரச் சொல்லிக்கிட்டே எம் மடியில போனா. அத மட்டும் உன்னால வாங்கிக் குடுக்க முடிஞ்சுது" என்றாள்.

நான் அழவில்லை. அழுகை பல நாள் கழித்து, மரவள்ளிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, காரணமே இல்லாமல் வந்தது. கோபா என் தகர டப்பாவை வாங்கிப் பிடித்துக்கொண்டு, கஞ்சி சிந்தாமல், நான் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் நான் சத்தியம் கேட்டேன்: "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா." "எங்கூடவே புதைஞ்சிடும்" என்றாள்.

அவையோரே, அந்தச் சத்தியத்தைத்தான் நீங்கள் மௌனம் என்று நினைத்தீர்கள்! தன்னைக் காத்துக்கொள்ள அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை என் பெயராக இருந்தது. என் பெயரைச் சொல்வதைவிடத் தன் பெயர் போகட்டும் என்று இருந்தாள்.

நாடகம் வந்த வாரம் நான் தொலைபேசியில் மன்றாடினேன். "சொல்லிடுங்க அக்கா!"

"பைத்தியமா நீ? புருஷன், பேரப்புள்ளைங்க எல்லாம் இருக்காங்க உனக்கு."

"உங்களத் துப்புறாங்க அக்கா."

"துப்பட்டும். அப்ப அடிச்சதவிட இது வலிக்கல. டிவில காட்டினவ நான் இல்லன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். போதாதா?"

போதாது! போதாது, அக்கா, போதாது!

அன்று மாலையே என் கணவர் டிர்க்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதோ, முதல் வரிசையில் இருக்கிறார். கேட்டு முடித்தவர், "காபி ஆறிப்போச்சு, வேற போடுறேன்" என்று அடுப்படிக்குப் போனார். நெடுநேரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தம்மாவ நாம எப்பப் போய்ப் பாக்கப் போறோம்?"

தம்பி ருட்கெர், உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பின்வரிசையில் நின்று கையை மட்டும் பார்த்த ஒருவர் உங்களுக்குச் சொன்னார், நீங்கள் எடுத்தீர்கள். கோபாவாக நடித்த பெண்ணே, அழாதே அம்மா. உன்னையும் தெருவில் ஏசுகிறார்கள் என்று அறிவேன். உங்கள் நாடகம் எங்களைப் பேச வைத்தது. பேசவே விடாத இந்த நாட்டில் அது சிறிய காரியமல்ல. போர் முடிந்து ஜாவாவிலிருந்து வந்து கப்பலிலிருந்து இறங்கிய எங்களிடம், "இங்கயும்தான் பஞ்சம், இங்கயும்தான் போர்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்களே, மறந்துவிட்டீர்களா? அந்தக் கதவைத்தான் நாம் இன்று கோபாவின் முகத்தில் சாத்துகிறோம்.

வெட்கப்பட வேண்டியவர் யார்? நானா? நான் படவில்லை! அதெலா? மண்ணுக்குள்ளும் அவள் தலை நிமிர்ந்தே கிடப்பாள்! கோபாவா? அவள் இழந்த பல்லுக்கு இந்த மண்டபத்தில் எந்தப் பதக்கம் ஈடாகும்?

இன்று அவள் இங்கே இல்லை. வாசல் ஜன்னலின் திரையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். ஜன்னல் திரையைத் திறந்தே வைத்திருக்கும் இந்த ஊர், திரை மூடிய வீட்டை எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிராமில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் நான் நடந்து போகப்போகிறேன், நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க. மழை பெய்கிறது, பெய்யட்டும். அவள் கதவைத் தட்டி, என் பெயரை நானே சொல்லிவிட்டேன், உங்கள் சத்தியம் தீர்ந்தது அக்கா என்று சொல்லப்போகிறேன்.

இத்தனை நேரம் செவி கொடுத்த சபைக்கும், இடம் கொடுத்த தலைவருக்கும், என் கையைப் பிடித்து மேடையேற்றிய டிர்க்குக்கும் என் நன்றி. எழுந்து நிற்பவர்களே, கைதட்ட வேண்டாம். மேலங்கிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம். வாருங்கள்.