பெயர் நீக்கப் பிரிவு

கடிதம் வந்தால் பதில் எழுதுகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும் சார். ராமசுப்ரமணியன் அங்கிளைப் பிடித்ததும் அதனால்தான். அதை முதலில் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கரோல் பாக்கில் ஒரு சூட்கேஸ் கடைக்கு மேல், மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். பிற கம்பெனிகளுக்காக விளம்பர மின்னஞ்சல் அனுப்புவோம். நான் பெயர் நீக்கப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். இனி அனுப்பாதீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு படிவம் அனுப்புவேன். அதை நிரப்பினால், ஏன் விலகுகிறீர்கள் என்று பதினொரு கேள்விகள் வரும். முடித்தால் பாஸ்வேர்ட் கேட்கும். நாங்கள் யாருக்கும் பாஸ்வேர்ட் கொடுத்ததே கிடையாது. பதினோராவது கேள்வி நான் சேர்த்தது. அதன் ஆங்கிலம் சரிதானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். அதற்காகவே மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே தினம் ஒரு பக்கம் டைரி எழுதச் சொல்வார்கள். நீங்கள் எடுத்துப்போனது அதுதான். தேதிகள் சரியாக இருக்கும்.

ஒருவர் திட்டி எழுதினாலும், அந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களைத் தனிப் பட்டியலில் சேர்த்து இரண்டு மடங்காக அனுப்புவோம்.

அங்கிள் மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த தபாலுக்குப் பதில் போகாமல் கோப்பை மூடக்கூடாது என்று பழகியவர். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வரிசை எண் போட்டுப் பதில் எழுதுவார். 'மெத்தை தொடர்பான தங்கள் கடிதம் கிடைத்தது. எமக்கு மெத்தை தேவையில்லை. பெயரை நீக்கி, நீக்கியதைத் தெரிவிக்கவும்.' இருநூற்றுப் பதினான்கு பதில்கள். டெல்லியிலேயே எங்கள் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

ஆகஸ்டில் ஒரு கடிதத்தில் கூடுதலாக எழுதியிருந்தார். மனைவி அம்பிகாவின் இதய அறுவை சிகிச்சைத் தேதி மின்னஞ்சலில் வரவேண்டும். தமக்குக் காது மந்தம், போன் பேசுவதில்லை. எங்கள் கடிதங்களுக்கு நடுவே அது தவறிவிடக் கூடாது.

நான் கவனமாகப் படித்தேன். பிறகு அவரை அறுவை சிகிச்சையில் ஆர்வமுள்ளவர்கள் பட்டியலில் சேர்த்தேன். அப்போது ஓர் இன்சூரன்ஸ் விளம்பரம் கையில் இருந்தது. அதற்கு நான் வைத்த தலைப்பு: 'உங்கள் அறுவை சிகிச்சைத் தேதி உறுதியானது.' திறந்தால் உள்ளே, 'அதற்கு முன் பாலிசி எடுத்துவிட்டீர்களா?' மேனேஜர் ஸ்வப்னா தோளில் தட்டி, "பஹுத் அச்சா, சுபிக்ஷா" என்றார். அது ஆறு முறை போனது. ஆறு முறையும் அங்கிள் உடனே திறந்தார்.

ஏழாவதற்கு முன் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏம்மா, தமிழ்ப் பொண்ணா? எந்த ஊரு?"

"பொறந்தது இங்கதான் அங்கிள். அப்பாவுக்கு விழுப்புரம்."

"சத்தமாச் சொல்லு. கேபினெட் நோட்டையே ரெண்டு நாள்ல அனுப்பினவன் நான். ஒரு பேரை அடிக்க ஆறு மாசமா?"

"ஆன்லைன்ல ஃபார்ம் போடுங்க அங்கிள்."

"ஆளே வந்து நிக்கறேனே, அப்புறம் எதுக்கு ஃபார்ம்?"

"ஆள் வந்தா நீக்கறதுக்கு ஆப்ஷன் இல்ல அங்கிள்."

அவர் சிரித்தார். "எங்க ஆபீஸே தேவலை" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கலாமோ என்று அன்று டைரியில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி எனக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் வந்தது. 'கடைசியில் பெயரை நீக்கிவிட்டீர்கள். கோப்பு மூடப்படுகிறது.' நான் நீக்கவில்லையே என்று, அவர் கீழே இணைத்திருந்த கடிதங்களைப் பார்த்தேன். அறுவை சிகிச்சைத் தேதி உறுதியானது என்ற தலைப்பில் வந்த கடிதத்துக்கு, திறக்காமலே, பெயரை உடனே நீக்கவும் என்று வழக்கம்போல் பதில் போட்டிருக்கிறார். இந்த முறை எழுதியது ஆஸ்பத்திரி. இருபத்தேழாம் தேதி கொடுத்திருந்தார்கள். அவர்கள் படிவம் கேட்கவில்லை, பாஸ்வேர்ட் கேட்கவில்லை. அறுவை சிகிச்சைப் பட்டியலிலிருந்து அம்பிகாவை எடுத்துவிட்டு, 'தங்கள் கோரிக்கைப்படி பெயர் நீக்கப்பட்டது' என்று ஒரு மணி நேரத்தில் தெரிவித்துவிட்டார்கள். இவ்வளவு ஒழுங்கான பெயர் நீக்கத்தை என் வேலையில் நான் பார்த்ததில்லை.

ஒன்பது நாள் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சொன்னால், அந்தத் தலைப்பு யாருடையது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். நான் அனுப்பக்கூடிய பதில் மாதிரிகள் நான்குதான், அவற்றில் இது இல்லை. என் பஸ் அவர் இருக்கும் லக்ஷ்மிபாய் நகர் வழியாகத்தான் போகிறது. அவர் வீட்டு முகவரி எல்லாக் கடிதத்தின் அடியிலும் இருக்கும். இரண்டு மாலை இறங்கலாமா என்று எழுந்து நின்றேன். வகுப்புக்கு நேரமாகிவிடும் என்று உட்கார்ந்துவிட்டேன். வகுப்பில் அந்த இரண்டு நாளும் எனக்கு வருகை உண்டு, சரிபார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபரில் மறுபடி பதில் வந்தது. 'இரட்டைக் கட்டில் மெத்தை தொடர்பான தங்கள் கடிதம் கிடைத்தது. என் மனைவி ஒன்பதாம் தேதி காலமானார். எனவே தேவையில்லை.'

நான் கல்நெஞ்சக்காரி இல்லை சார். மாதிரி எதையும் எடுக்காமல், என் சொந்த வார்த்தைகளில் ஓர் இரங்கல் கடிதம் எழுதினேன். இலக்கணத்தை மூன்று முறை திருத்தினேன். கம்பெனி முகவரியிலிருந்துதான் அனுப்பினேன். அவர் உடனே திறந்தார். எங்கள் கடிதங்களில் வழக்கமாக வரும் பெயர் நீக்கும் இணைப்பை மட்டும் அடியில் வைக்கவில்லை. இரங்கல் கடிதத்தில் அது மரியாதையாக இருக்காது.